ராஜா அங்கியின் உள்பக்கம்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. கோலார் தங்கவயலில் பிறந்துவிட்டு, பயமே இல்லாமல் வளர்ந்தேன் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் காது கேட்டிருக்காது என்றுதான் அர்த்தம். பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் ஊரிகத்தில் சுரங்கக் கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீட்டு அலமாரிப் பாத்திரங்கள் கலகலவென்று ஆடும். பெண்கள் எல்லோரும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து சுரங்க வாயான ஷாப்டு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்போம். அப்பா சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற வேலையில் இருந்தார். ஷிப்டு முடிந்து, கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏறி மேலே வந்து, மண் அப்பிய முகத்தோடு "இன்னா, எல்லாரும் இங்க நின்னுகினு கீறீங்க?" என்று அவர் கேட்கும்வரை எனக்கு மூச்சு சரியாக வராது.

இப்போது சொல்லவந்த பயம் ஒரு துணியால் வந்தது.

பிற்பாடு சென்னைக்கு வந்து நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடுப்பு வடிவமைத்தேன். அதற்கும் பிற்பாடு உடை அலங்காரம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தேன். பிள்ளைகள் எதைத் தைத்துக்கொண்டு வந்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்வேன். "மேடம், வெளிப்பக்கம் பாருங்க மேடம், எவ்வளவு அழகா வந்திருக்கு" என்று கெஞ்சுவார்கள். "வெளிப்பக்கத்தை ஊரே பார்க்கும். நீ உள்பக்கத்தைக் காட்டு" என்பேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'உள்பக்கம்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று அவர்களுக்குச் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுவில் ஊரிகத்துப் பெண்கள் நலச் சங்கத்தில் நான் தையல் டீச்சர். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களின் பெண்டாட்டிகளும் பெண்களும் மத்தியானச் சமையலை முடித்துவிட்டு வருவார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒரே இரைச்சல். ஜாக்கெட்டுக்குக் கை வெட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டுவிழாவில் நாடகம் போடுவோம். பெண்களே மீசை ஒட்டிக்கொண்டு ராஜாவாகவும் மந்திரியாகவும் நடிப்பார்கள். உடுப்பெல்லாம் என் பொறுப்பு. எனக்கு உயிரே அந்த நாடக உடுப்பில்தான் இருந்தது. ஜாக்கெட் கையைச் சொல்லிக்கொடுத்தது சோற்றுக்காக.

என்னிடம் படித்தவர்களிலேயே கைச்சுத்தம் உள்ளவள் ஒருத்தி. குடியாத்தம் பக்கத்திலிருந்து எங்கள் பக்கத்துப் பேட்டையான ஸ்கெலட்டனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷனுக்குச் சுரங்கக் கம்பெனியின் மில்லில் வேலை. இது நடந்த வருஷம் அவளுக்கு ஏழாம் மாசம். இடது கையால்தான் தைப்பாள். அதனால் அவள் போடும் ஓரத் தையல் எல்லோருடையதற்கும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மற்றவர்கள் "பீச்சாங்கை, பீச்சாங்கை" என்று ஓட்டுவார்கள். "துணிக்கு இன்னா தெரியும், எந்தக் கையின்னு?" என்று சிரித்துக்கொண்டே ஊசியைக் கோர்ப்பாள். வகுப்பே அப்புறம் வாயை மூடிக்கொள்ளும்.

அந்த வருஷத்து நாடகத்தில் ராஜாவுக்குத் தோளிலிருந்து தரைவரை புரளும் அங்கி வேண்டும். வெல்வெட் வாங்க வழியில்லை. ஆண்டர்சன்பேட்டைக் கடைகளில் பார்த்த மற்ற துணியெல்லாம் தோளில் போட்டால் துவண்டு விழுந்தது. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவள் ஒருநாள் ஒரு சுருட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பரண்ல கெடந்துச்சி டீச்சர். ஒதவுமான்னு பாருங்க."

பழுப்பு நிறம். நல்ல கனம். கோடு கோடாய் ரோமம் எழும்பிய கார்டுராய் துணி. விரித்துப் பிடித்தபோது ஒவ்வொரு கோட்டிலும் வெளிச்சம் ஏறி இறங்கியது. அடடா, எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். ஒரே விறைப்பாக மண்ணேறிப் போயிருந்ததால் இரண்டு பேரும் கொல்லையில் துவைக்கிற கல்லில் அடித்து உதறினோம். உதிர்ந்த மண் வெயிலில் மினுக்கியது. எங்கள் ஊரில் எந்த மண்தான் மினுக்கவில்லை? நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தங்கவயலில் சுரங்கத்துக்காரன் வீடு வேறு, மில்லுக்காரன் வீடு வேறு. நான் சுரங்கத்துக்காரன் மகள். ஷாப்டு, லெவல், கேஜ் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மேலே வந்த கல்லை மில்லில் என்ன செய்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மில்லுக்குள் அப்பாவே காலை வைத்ததில்லை. மில்லுக்காரர்களும் உள்ளே நடப்பதை வீட்டில் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். அதனால் அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியவில்லை, வெளியூர்க்காரியான அவளுக்கும் தெரியவில்லை.

அங்கி தைத்து முடிந்தது. நாடகம் நடக்கும் ஹால் கம்பெனி வேலிக்கு உள்ளே இருந்தது. ஒத்திகைக்காக உடுப்பையெல்லாம் பெட்டியில் அடுக்கி முன்கூட்டியே அங்கே கொண்டுபோய் வைத்தோம். ஒத்திகையில் அங்கியைப் பார்த்த சங்கத்துச் செயலாளர் அம்மாள் கைதட்டினார். "இந்த வருஷம் மில் சூப்பரின்டென்டென்ட் துரைதான் தலைமை. இதை அவர் கிட்டத்தில் பார்க்கணும். ராஜா வேஷத்துக்கு அவர் கையாலயே மாலை போடச் சொல்லிடறேன்" என்றார். வெள்ளைக்காரன் போனபிறகும் எங்கள் ஊரில் பெரிய அதிகாரி என்றால் துரைதான். நான் பெருமையில் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தேன்.

ஆண்டுவிழாவன்று காலையில் அந்தத் துணியைக் கொடுத்தவள் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"டீச்சர், அது மில்லு துணியாம் டீச்சர்."

"எது?"

"அங்கி தச்சமே, அது. மாமனாரு வெள்ளக்காரன் காலத்துல கொண்ணாந்து பரண்ல போட்டுட்டாராம். எப்பிடி கொண்ணாந்தாரோ, அந்த மனுசன் செத்தே போய்ட்டாரு. துணிய தூக்கிப் போடவும் பயந்துகினு, வச்சிகினு இருக்கவும் பயந்துகினு எங்க வூட்டுக்காரரு அப்பிடியே உட்டுட்டாரு. எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. நானு வெறகு வைக்க எடம் பண்ணசொல்ல கெடச்சிது டீச்சர். காலைல பரண பாத்துட்டு தலையில அட்ச்சிகினு அழுவறாரு."

பிறகு அவள் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. மில்லில் கல்லைப் பொடியாக்கி, தண்ணீரோடு சேர்த்துச் சாய்வான மேசைமேல் ஓடவிடுவார்களாம். மேசைமேல் விரித்திருப்பது இந்தத் துணிதான். மண் ஓடிவிடும். தங்கப்பொடி அந்தக் கோடுகளில் தங்கிவிடும். துணி நைந்துபோனாலும் வெளியே விடமாட்டார்கள். எரித்து, அந்தச் சாம்பலையும் அலசித் தங்கம் எடுப்பார்கள். அப்படிப்பட்ட துணி ஒருவன் வீட்டில் இருந்தால், எப்படி வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. எங்கள் ஊரில் வைத்திருப்பவன்தான் திருடன். வேலை போகும், லைன் வீடு போகும், ஜெயில் நிச்சயம். அவன் மில்லிலேயே வேலை செய்கிறவன் வேறு. செத்துப்போன அப்பன்தான் கொண்டுவந்தான் என்று சொன்னால் எவன் நம்புவான்?

சாயங்காலம் மில் சூப்பரின்டென்டென்ட் முன்வரிசையில் உட்காரப்போகிறார். அந்தத் துணியைத் தினமும் பார்க்கிற மனுஷன். மேடைக்கு வந்து, மாலை போட்டு, கையால் தொடவும் போகிறார். அந்த நாடகத்தை எழுதியவரையும் திட்டினேன், ராஜாவையும் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன்.

"அந்த அங்கிய எடுத்தாந்து எரிச்சிட்லாம் டீச்சர்" என்றாள்.

எப்படி எடுத்துக்கொண்டு வருவது? வேலிக்குள் போகும்போது யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே வரும்போதுதான் கேட் வாசலில் மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஓர் ஆயா உட்கார்ந்திருப்பாள். மடியைத் தட்டி, இடுப்பைத் தடவி, கொண்டையைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் விடுவாள். உள்ளேயே எரிக்கலாம் என்றால் புகையைக் கண்டு காவல்காரன் ஓடிவருவான். அங்கியை ஒளித்துவைத்தால் செயலாளர் அம்மாள் ஹாலையே தலைகீழாகப் புரட்டித் தேடுவார். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சருக்கு ஏதாவது வழி தெரியும் என்று நம்பினாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் துணி ஒன்றுதான். வெளியே கொண்டுவர முடியாத துணியை உள்ளேயே மறைக்க வேண்டும். மேலே ஒரு பட்டு, கீழே ஒரு லைனிங், நடுவில் இது. பட்டுக்கு எங்கே போவது? அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து அவளுடைய முகூர்த்தப் புடவையை எடுத்தேன். அரக்குச் சிவப்பு. அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏய், அத்த இன்னாத்துக்குடீ எடுக்கற?"

"வெட்டப்போறேம்மா. ஏன்னு கேக்காத. இந்தப் பொண்ணு குடும்பம் தெருவுக்கு வந்துடும்."

அம்மா அவளைப் பார்த்தாள். அவள் வயிற்றைப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஓரம் நல்லாக் கீது, சரிகைய வீணாக்காத" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வெட்டியிருக்க மாட்டேன்.

ஹாலில் மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். திரை காற்றில் ஆடாமல் இருக்க மண் நிரப்பிய சணல் சாக்குகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். அவற்றில் சாய்ந்துகொண்டுதான் தைத்தோம். வெளியே யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தாலே தைத்துக்கொண்டே கதவைத் திரும்பிப் பார்ப்பேன். ஊசி விரலில் ஏறி, பட்டில் ரத்தம் பட்டது. அரக்குச் சிவப்பானதால் தெரியவில்லை. மேலே பட்டையும் கீழே லைனிங்கையும் பை மாதிரி மூன்று பக்கம் சேர்த்துத் தைத்து, நடுவில் கார்டுராயைச் செருகிவிட்டோம். அதற்குள் கதவைத் தட்டினார்கள். மந்திரிக்கு மீசை ஒட்ட வேண்டுமாம், ராணிக்குப் பாவாடை நிற்கவில்லையாம்.

"நீங்க போங்க டீச்சர். இந்தப் பக்கத்த நானு மூடிடறேன்" என்றாள் அவள்.

நான் திரும்பி வந்தபோது அங்கி முழுசாக முடிந்திருந்தது. அவள் முகம் வியர்த்து, தரையில் சிந்தியிருந்த மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "சும்மா உக்கார மாட்டியா?" என்று அதட்டினேன். "மூச்சு வாங்குது டீச்சர், நடந்தா நல்லாருக்கும்" என்றாள்.

நாடகம் நடந்தது. என்ன வசனம் பேசினார்கள், யார் யாரை வென்றார்கள், எதுவும் எனக்கு நினைவில்லை. திரையின் ஓரத்தில் நின்று துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜா திரும்பும்போதெல்லாம் அங்கி கொஞ்சம் விறைத்துக்கொண்டு நின்றது. ஒத்திகையில் அது அப்படி நிற்கவில்லை. பயத்தில் என் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்று விட்டுவிட்டேன்.

முடிந்ததும் துரை மேடைக்கு வந்தார். ராஜாவுக்கு மாலை போட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். அவர் அங்கியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். அய்யோ, கோடு தட்டுப்படுமே! பட்டு எவ்வளவுதான் மறைக்கும்?

"நல்ல வெயிட்டா இருக்கேம்மா. உள்ளே என்ன வச்சிருக்கீங்க?"

அவருக்குப் பின்னால், திரை விலகிய இடத்தில், சுவரோரச் சாக்குகள் கண்ணில் பட்டன.

"சாக்குங்க" என்றேன்.

அவர் இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார். சிரித்தார். "ஆமா, சாக்குதான்! கெட்டிக்காரி" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எந்தச் சாமி அந்த மனுஷனுடைய விரலை மழுக்கியதோ என்று எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

அதற்குள் துரையின் மனைவி அங்கியை மேலே போட்டுப் பார்த்துவிட்டு, இது கம்பெனிக் கிளப்பில் கண்ணாடி அலமாரியில் இருக்க வேண்டிய சாமான் என்றார். செயலாளர் அம்மாள் அந்த நிமிஷமே கொடுத்துவிட்டார். கம்பெனித் தங்கம் கம்பெனிக்கே போகிறது, போகட்டும். ஆனால் எவனாவது ஒருநாள் அந்தத் தையலைப் பிரித்தால்? யார் தைத்தது, துணி யார் கொடுத்தது என்று கேட்டால்? நிமிர்ந்த உயிர் மறுபடியும் சுருண்டது.

வெளியே வரும்போது கேட்டில் என் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். நூல்கண்டெல்லாம் உருண்டு ஓடியது. ஆயா என் இடுப்பைத் தடவினாள், கொண்டையை அமுக்கினாள். எனக்குப் பின்னால் அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தாள். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் ஆயா கை வைக்கமாட்டாள், திருஷ்டி பட்டுவிடும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. "பாத்துப் போம்மா, இருட்டிகினு வருது" என்று மட்டும் சொன்னாள். இவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். இவ்வளவு நடந்தும் எப்படி அமைதியாகப் போகிறாள் பார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அவள் தையலுக்கு வரவில்லை. பிள்ளை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். பார்க்கலாம் என்று ஸ்கெலட்டனுக்குப் போனேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "வாணாம் டீச்சர், போங்க. இங்க வராதீங்க" என்று மூடிவிட்டாள். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் எதிரே வந்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவாள். என் அம்மாவின் கல்யாணப் புடவையை வெட்டிக்கொடுத்தேனே, ஒரு சிரிப்புக்கூடவா இல்லை என்று பொருமினேன். அவ்வளவு நல்ல கையைப் பயம் தின்றுவிட்டதே என்று வருத்தப்பட்டேன். இரண்டும் மாறி மாறி வரும்.

அதன்பிறகு கிளப் பக்கம் போகவேண்டிய ஒவ்வொரு நாளும் எனக்குச் சாவுதான். கண்ணாடிக்குப் பின்னால் அங்கி தொங்கும். பட்டு எங்காவது நைந்திருக்கிறதா, கோடு தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். எங்கள் லைனில் போலீஸ் ஜீப் திரும்பினால் கதவைச் சாத்திக்கொள்வேன். எந்த வீட்டுக்கோ சம்மன் கொடுக்க வந்திருப்பான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ராஜா வேஷத்துக்கு மறுபடி அங்கி தைக்கவே இல்லை. என் ராஜாக்கள் எல்லோரும் துண்டோடுதான் ஆண்டார்கள்.

எழுபதுகளில் சென்னையில் ஒரு நாடகக்குழுவில் உடுப்பு வேலை கிடைத்தது. அப்பாவுக்கும் ஓய்வு வந்துவிட்டது. கிளம்பும் முன்னால் வேலிக்குள் இருந்த அதே ஹாலில் சங்கத்தார் எனக்குப் பிரிவு உபசாரம் வைத்தார்கள். அங்கேதான் செயலாளர் அம்மாள் அந்தக் குண்டைப் போட்டார். "உங்க கையால செஞ்சது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று காகிதம் சுற்றிய பெரிய பொட்டலத்தை என் மடியில் வைத்தார். கிளப்பைப் புதுப்பிக்கிறார்களாம், அலமாரியை எடுத்துவிட்டார்களாம். பொட்டலத்தின்மேல் அதிகாரி கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் குத்தியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அழுததைப் பார்த்து அவர்களும் அழுதார்கள்.

கேட்டில் காவல்காரன் பாஸைப் படித்தான், பொட்டலத்தைத் தொடக்கூட இல்லை, ஒரு சலாம் வைத்தான். ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பங்காருபேட்டையில் மாறி, சென்னை வரும்வரை மடியை விட்டு அதை இறக்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றபோது டிக்கெட்டை நீட்டாமல் கேட் பாஸை நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சென்னையில் வாடகை அறைக்குள் நுழைந்ததும் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். இந்தச் சனியனை இன்றைக்கே துண்டுதுண்டாக்கிக் கடலில் போட்டுவிட வேண்டும், அவளுக்கும் எனக்கும் விடிவு வேண்டும் என்று நினைத்தேன். ஓரத்தைத் திருப்பினேன். மூன்று பக்கம் நாங்கள் சேர்ந்து போட்ட தையல். நாலாவது பக்கம் முழுக்க எதிர்ப்பக்கமாகச் சாய்ந்த தையல், நெருக்கமாக, ஒரே சீராக. அதை ஒருமுறை விரலால் தடவினேன். பிரித்தேன்.

உள்ளே சாக்கு இருந்தது.

பழைய மண் சாக்கு. ஓரத்தைச் சுருட்டி மடித்து, பட்டுக்கு வெளியே சணல் நார் குத்தாதபடி அழகாகத் தைத்திருந்தாள். கார்டுராய் ஒரு நூல்கூட இல்லை. அந்த அறையில் அவள் கூட்டிக்கொண்டிருந்த மண் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. துரையின் விரல் மழுங்கவில்லை. நான் சொன்னதும் பொய்யில்லை.

அவள் அந்தத் துணியைத் தன் வயிற்றில் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டியிருக்கிறாள். பிறகு அதை அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக எரித்தாளோ என்ன செய்தாளோ, எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டில் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும், என்னை அவளுக்குத் தெரியும். என்றைக்காவது அவள் பிடிபட்டால் என் பெயர் வரக்கூடாது என்றுதான் கதவை மூடினாள், தெருவைத் தாண்டினாள். நான் அவளை நன்றி கெட்டவள் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்தது கண்முன்னால் வந்தது. அந்த ஆயா மட்டும் அன்றைக்குக் கையை நீட்டியிருந்தால்? நான் அங்கேயே, என் நூல்கண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் நின்றிருப்பேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அறையில் யாருமில்லை, கதவும் தாழ்ப்பாள் போட்டிருந்தது, எங்கேயும் ஒரு ஆபத்தும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் உதறியது. அந்த அங்கியை நினைத்து அதுவரை நான் பயந்ததெல்லாம் எனக்காகத்தான். அவளுக்காக நான் பயந்தது அன்றைக்குத்தான்.